இளம் மருத்துவரும் பிள்ளைப் பருவமும்

குழந்தை பிறந்தவுடன் அதன் எடையை நிறுக்கிறோம். நீளத்தை அளக்கிறோம். பின்னர் மாதந்தோறும் அங்கன்வாடியில் தராசில் ஏற்றி, அட்டையிலே புள்ளி வைத்து, முந்திய புள்ளியோடு கோடிட்டு இணைக்கிறோம். எடை குறைந்தால் அந்தக் கோடு தாழ்ந்து நமக்குச் சொல்லிவிடுகிறது. ஆனால் அக்குழந்தையின் செவியில் ஒலி விழுகிறதா, தாயின் முகத்தைக் கண்டு சிரிக்கிறதா, தலை நிற்கிறதா, கையை நீட்டிப் பொருளைப் பற்றுகிறதா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா என்பவற்றை எந்தத் தராசிலே நிறுப்பது? இவற்றை அறிய வேண்டுவது பழகிய கண், பொறுமையான செவி. அந்தக் கண்ணையும் செவியையும் நம் இளம் மருத்துவர்களுக்கு எவ்வாறு பழக்குவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மருத்துவத்தைப் பற்றிப் பேச ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு என்ன உரிமை என்று சிலர் எண்ணக்கூடும். நோயைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. மருந்தைப் பற்றிப் பேசவும் உரிமை இல்லை. பயிற்சியைப் பற்றிப் பேசச் சிறிது உரிமை உண்டு. ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளோடு வாழ்ந்தவன் நான். மேலும், மூன்று வயதுக்குள் எவருடைய கண்ணிலும் படாமற்போன குழந்தை ஆறாம் வயதில் வந்து சேரும் இடம் எங்கள் வகுப்பறைதான். அங்கே அக்குழந்தை படும் துன்பத்தை அருகிருந்து கண்டவர்கள் ஆசிரியர்களே.

வளர்ச்சித் தாமதம் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரு வயதில் பெரும்பாலான குழந்தைகள் செய்யும் செயலை ஒரு குழந்தை அவ்வயது கடந்தும் செய்யாதிருத்தலே அது. தலை நிற்றல், உட்காருதல், நடத்தல் போன்றவை உடலியக்கத்தைச் சார்ந்தவை. விரலால் எடுத்தல், கைமாற்றுதல் போன்றவை நுண்செயல்கள். மழலை, சொல், சொன்னதை அறிதல் ஆகியவை மொழியைச் சார்ந்தவை. சிரித்தல், முகம் நோக்குதல், பிறரோடு விளையாடுதல் ஆகியவை உறவைச் சார்ந்தவை. இவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ குழந்தை பின்தங்கலாம். காரணமும் ஒன்றன்று. செவிப்புலன் குறைவாக இருக்கலாம். பார்வை குறைவாக இருக்கலாம். பிறக்கும்போது மூளைக்குப் போதிய உயிர்வளி கிட்டாதிருக்கலாம். தைராய்டுச் சுரப்பு குறைந்திருக்கலாம். மரபின் வழி வந்ததாகவும் இருக்கலாம்.

இது எங்கோ ஆயிரத்தில் ஒரு வீட்டில் காண்பது என்று எண்ண வேண்டா. இந்தியாவில் பல்வல், காங்ரா, தேன்கனால், வடகோவா, ஐதராபாத் என்னும் ஐந்து இடங்களில் இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. நரம்பு வளர்ச்சி தொடர்பான ஒன்பது வகைக் குறைபாடுகளுள் ஏதேனும் ஒன்றேனும் உடைய குழந்தைகள் ஏறத்தாழ எட்டுக்கு ஒருவர் என்று அது கண்டது. நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் ஐந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், ஆசிரியர் எவரும் வியப்படைய மாட்டார். அந்த ஐவரையும் அவர் பெயர் சொல்லி அறிவார்.

குழந்தை எந்தத் திங்களில் என்ன செய்யும் என்பதைக் கவனித்து வரிசைப்படுத்தும் வழக்கம் மேல்நாட்டிலிருந்து நமக்கு வந்த புதுமை என்று பலர் கருதுகின்றனர். தமிழறிந்தவர் அவ்வாறு கருதார். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தின் பத்துப் பருவங்களை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்களில் இப்பருவங்களைப் பாடுவது ஒரு மரபு. ஐந்தாம் திங்களில் செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் நிலை. ஒன்பதாம் திங்களில் சப்பாணி. இரு கையையும் சேர்த்துக் கொட்டும் நிலை. பதின்மூன்றாம் திங்களில் வாரானை. தளர்நடையிட்டு வருக என அழைக்கும் நிலை. பதினைந்தாம் திங்களில் அம்புலி. நிலவைக் காட்டி, உடன் விளையாட அழைக்கும் நிலை. பதினேழில் சிறுபறை, கோலெடுத்துக் கொட்டுதல். இருபத்தொன்றில் சிறுதேர், நடந்துகொண்டே தேரை உருட்டுதல்.

புலவர்கள் மருத்துவ நூல் எழுத முற்படவில்லை. அவர்கள் குறித்த திங்களை மருத்துவ அளவாகக் கொள்வதும் பொருந்தாது. ஆயினும் வீட்டு முற்றத்தில் தவழ்ந்த குழந்தையை அவர்கள் எவ்வளவு கூர்ந்து நோக்கியிருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

இப்போது மற்றொரு பட்டியலைக் கேளுங்கள். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம். கே. சி. நாயரும் அவருடைய துணைவர்களும் அமைத்த ‘திருவனந்தபுரம் வளர்ச்சி அறி அட்டை’ 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிறந்தது முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது அது. அதிலே பதினேழு செயல்களே உள்ளன. முகம் கண்டு சிரித்தல் முதலில் வருகிறது. கண்ணால் பென்சிலைத் தொடர்தல், தலை நிற்றல், புரளுதல், ஒலி வந்த பக்கம் திரும்புதல், ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுதல், எழுந்து உட்காருதல், பிடித்து நிற்றல், சிறு மணியை விரலால் எடுத்தல், கைகொட்டுதல், பிடித்து நடத்தல், பந்தை எறிதல், தனியே நடத்தல், இரண்டு சொல் சொல்லுதல், பின்னோக்கி நடத்தல், கைபிடித்துப் படியேறுதல், பொம்மையின் உறுப்புக்களைச் சுட்டிக் காட்டுதல் என்று அது முடிகிறது. நம் சப்பாணியும் வாரானையும் அங்கே இருப்பதைக் காண்கிறீர்கள்.

இந்த அட்டையைப் பயன்படுத்தும் முறையும் எளியது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டை வரையப்பட்டுள்ளது. நூற்றுக்கு மூன்று குழந்தைகள் அச்செயலைச் செய்யத் தொடங்கும் வயது பட்டையின் இடக்கோடி. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு குழந்தைகள் செய்துவிடும் வயது வலக்கோடி. குழந்தையின் வயதுக்கு நேரே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுக்க வேண்டும். அக்கோட்டுக்கு இடப்புறத்தில் முழுதும் முடிந்துவிட்ட பட்டைகளின் செயல்களையெல்லாம் குழந்தை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றைச் செய்யவில்லையெனினும் மேலாய்வுக்கு அனுப்ப வேண்டும். விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. சில நிமிடங்கள் போதும்.

இவ்வளவு எளியதாயின் ஏன் குழந்தைகள் தப்பிவிடுகின்றனர்? இங்கேதான் பயிற்சி பற்றிய கேள்வி எழுகிறது.

மருத்துவ மாணவர் நோயைத் தேடக் கற்கிறார். காய்ச்சல் இருக்கிறதா, சளி இருக்கிறதா, வயிறு வீங்கியிருக்கிறதா என்று இருப்பதைக் காண்பதில் அவர் வல்லவராகிறார். வளர்ச்சித் தாமதமோ இல்லாததைக் காண்பது. பேச வேண்டிய வயதில் பேச்சு இல்லை. சுட்ட வேண்டிய வயதில் விரல் நீளவில்லை. இல்லாத ஒன்றைக் காண வேண்டுமாயின், இருக்க வேண்டியது இன்னது என்பது உள்ளத்திலே நன்கு பதிந்திருக்க வேண்டும். நோயுற்ற குழந்தைகளை மட்டுமே கண்ட கண்ணுக்கு அது பதிவதில்லை.

நான் கண்ட ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்லுகிறேன். ஆறாம் வயதில் முதல் வகுப்பில் வந்து சேர்ந்தான். கரும்பலகையில் எழுதியதை அச்சுப் போல எழுதுவான். சொல்லச் சொல்லி எழுது என்றால் அடுத்தவன் ஏட்டைப் பார்ப்பான். எதிரே நின்று பேசினால் செய்வான். பின்னே நின்று அழைத்தால் அசையமாட்டான். ‘மந்தம்’ என்று பக்கத்து வீட்டார் முடிவு கட்டிவிட்டனர். அவன் பாட்டியோ, “அவங்கப்பனும் இப்படித்தானுங்க வாத்தியாரய்யா, நாலு வருசங் கழிச்சுத்தான் வாயத் திறந்தானுங்க” என்றாள். கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்று செவியைச் சோதித்தபோது, இரு செவியிலும் கேள்வி மிகக் குறைவு என்று தெரிந்தது. அவன் அறிவிலே யாதொரு குறையும் இல்லை.

அந்தத் தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவள். ஒவ்வொரு துணியையும் விரித்து, ஒரு சிறு ஓட்டை, ஓர் இழை தவறியிருந்தாலும் கண்டுபிடிக்கும் கண் அவளுடையது. தன் மகனை அவள் கவனிக்காமலில்லை. இரண்டு வயதிலேயே ஐயம் கொண்டிருக்கிறாள். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் பல முறை மருத்துவரிடம் எடுத்துச் சென்றிருக்கிறாள். ஒரு முறை துணிந்து கேட்டும் இருக்கிறாள். “ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசும்” என்ற மறுமொழியே கிடைத்தது. அவள் ஐயம் அடங்கவில்லை, வாய்தான் அடங்கிற்று. அந்தச் சிறுவன் பிற்காலத்தில் செவிக்கருவி அணிந்து ஓரளவு படித்தான். ஆனால் மொழி விளைய வேண்டிய நான்கு ஆண்டுகள் அவனுக்குத் திரும்பி வரவில்லை. எவருக்கும் அவை திரும்பி வருவதில்லை.

செவியைப் பற்றி ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். செவி கேளாத குழந்தையும் முதற் சில மாதங்களில் கூவும், ஒலி எழுப்பும். அதனால் பெற்றோர் ஏமாறுவர். முதல் மாதத்திற்குள் செவியைச் சோதித்து, மூன்றாம் மாதத்திற்குள் குறையை உறுதி செய்து, ஆறாம் மாதத்திற்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர் கூறும் விதி. ஆறாம் மாதம் எங்கே, ஆறாம் வயது எங்கே! இந்த இடைவெளியில் ஒரு மனிதனின் மொழியே அடங்கியிருக்கிறது.

இனி, இளம் மருத்துவர்க்கு வேண்டிய பயிற்சி எத்தகையது என்பதைக் கூறுகிறேன். 2019ஆம் ஆண்டில் சேர்ந்த மாணவர் முதற்கொண்டு நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் திறனை அடிப்படையாகக் கொண்ட புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் வளர்ச்சியைத் தாமே மதிப்பிடக் கற்பதும் அதில் இடம்பெற்றுள்ளது. நன்று. ஆனால் ஏட்டில் இருப்பது கைக்கு வர வேண்டும். எங்கள் திருமுருகன்பூண்டியில் கற்சிற்பக் கூடங்கள் பல உண்டு. புதிதாகச் சேரும் பையனை முதல் நாளே தெய்வத்தின் முகத்தைச் செதுக்க விடுவதில்லை. மூத்தவர் செய்வதை அவன் நெடுநாள் பார்க்கிறான், சிறு வேலை செய்கிறான், திருத்தப்படுகிறான். ஆசிரியப் பயிற்சியிலும் அவ்வாறே. முதலில் உற்றுநோக்கல், பின்னர் மாதிரிப் பாடம், பின்னர் நாமே பாடம் நடத்துதல், அதன்பின் குறைநிறை கேட்டல். இந்த ஒழுங்கை மருத்துவப் பயிற்சிக்கும் கொள்ளலாம் என்பது என் கருத்து.

முதற்படி, நலமாக இருக்கும் குழந்தைகளைப் பார்ப்பது. ஒவ்வொரு மருத்துவ மாணவரும் சில நாட்களேனும் அங்கன்வாடியில் அமர்ந்திருக்க வேண்டும். மருந்துப் பெட்டி வேண்டா. ஆறு மாதக் குழந்தை, ஒரு வயதுக் குழந்தை, இரண்டு வயதுக் குழந்தை, மூன்று வயதுக் குழந்தை என்று ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும். ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதக்கூடாது. ‘பொரியை இரு விரலால் எடுத்து வாயிலிட்டது’ என்று எழுத வேண்டும். நலத்தின் எல்லை எவ்வளவு அகன்றது என்பது அப்போது தெரியும். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் ஆராய்ந்து உலகச் சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவின்படி, தனியே நடக்கும் வயது எட்டு மாதம் கடந்ததிலிருந்து பதினேழரை மாதம் வரை பரந்து கிடக்கிறது. பத்தாம் மாதத்தில் நடந்த அண்டைவீட்டுக் குழந்தையைக் காட்டி, பதினான்காம் மாதத்தில் நடவாத குழந்தையின் தாயை அச்சுறுத்துவது தவறு. பதினெட்டு மாதம் கடந்தும் நடவாத குழந்தைக்கு ஆறுதல் கூறி அனுப்புவதும் தவறு. இரண்டு தவற்றுக்கும் நடுவே நிற்கக் கற்பதுதான் பயிற்சி.

இரண்டாம் படி, பார்க்கும் ஒழுங்கு. குழந்தை தாயின் மடியில் இருக்கும்போதே பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துவிட வேண்டும். நெஞ்சொலிக் குழலை எடுத்து வைத்தவுடன் குழந்தை அழும். அழும் குழந்தை எதையும் காட்டாது. ஒலிக்குத் திரும்புகிறதா என்று பார்க்கும்போது கிலுகிலுப்பை கண்ணுக்குத் தெரியக் கூடாது. நிழலும் விழக் கூடாது. இல்லையேல் செவிக்குச் செய்த சோதனை கண்ணுக்குச் செய்ததாக முடியும். எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தையாயின், முந்திப் பிறந்த நாட்களைக் கழித்துத்தான் வயதைக் கணக்கிட வேண்டும். இரண்டு வயது வரை இக்கணக்குப் பொருந்தும். இவை சிறு செய்திகள். ஆனால் இவற்றிலே தவறினால் அட்டை முழுதும் தவறாகிவிடும்.

மூன்றாம் படி, கேட்கும் முறை. “குழந்தை பேசுகிறதா?” என்று கேட்டால், “பேசுது” என்று தாய் சொல்லிவிடுவாள். “இவனுக்கு ஏதாவது வேண்டுமென்றால் உங்களுக்கு எப்படித் தெரிவிப்பான்?” என்று கேட்டுப் பாருங்கள். கையைப் பிடித்து இழுப்பானா, விரலால் சுட்டுவானா, சொல்லால் கேட்பானா என்பது அவள் வாயிலிருந்தே கதையாக வரும். துருக்கி நாட்டின் அங்காரா நகரில் இல்கி எர்தெம் என்னும் மருத்துவப் பெண்மணியார் இம்முறையிலேயே ஒரு வழிகாட்டியை அமைத்தார். தாய்க்கு ஏதேனும் கவலை உண்டா என்பதே அதில் முதலில் கேட்கப்படுகிறது. இந்தியா, அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா, துருக்கி ஆகிய நான்கு நாடுகளிலும் அது ஆராயப்பட்டு 2018ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. தாயின் கவலையைச் சோதனையின் முதற் கேள்வியாக வைத்தது போற்றத்தக்கது.

அம்புலிப் பருவத்தை இங்கே மீண்டும் நினைவூட்டுகிறேன். “நிலாவைக் காட்டினால் இவன் பார்ப்பானா? தானே உங்களுக்குக் காட்டுவானா?” என்பது எந்தத் தமிழ்த் தாய்க்கும் விளங்கும் கேள்வி. ஒரு குழந்தை விரல் நீட்டி நிலவைச் சுட்டி, உடனே திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்குமாயின், “நான் காண்பதை நீயும் காண்” என்று சொல்லாமற் சொல்லுகிறது. இச்செயல் ஒன்றரை வயதிலும் தோன்றாவிடின் அக்குழந்தையைக் கருத்தோடு பார்க்க வேண்டும் என்பர். மனவிறுக்கம் என்று நாம் வழங்கும் ஆட்டிசத்தின் முன்னறிகுறிகளுள் அதுவும் ஒன்று. ஒரு வயதில் மழலை இல்லாமை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாமை, இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துப் பேசாமை ஆகியவையும் அத்தகைய எச்சரிக்கைகளே. கற்றுக்கொண்ட சொல்லையோ செயலையோ குழந்தை இழந்துவிட்டால், எந்த வயதாயினும் உடனே பார்க்க வேண்டும்.

நான்காம் படி, திருத்தம். ஒரே குழந்தையை இரு மாணவர்கள் தனித்தனியே பார்த்து, அட்டையில் குறித்து, பின்னர் ஒப்பிட வேண்டும். ஒருவர் ‘செய்கிறது’ என்றும் மற்றவர் ‘செய்யவில்லை’ என்றும் குறித்திருந்தால், ஆசிரியர் முன்னிலையில் மீண்டும் பார்க்க வேண்டும். நூறு சொற்பொழிவு கற்பிக்காததை இந்த ஓர் ஒப்பீடு கற்பித்துவிடும்.

ஐந்தாம் படி, சொல்லும் முறை. இதுவே மிகக் கடினமானது. அட்டை காட்டுவது ஐயத்தை மட்டுமே; முடிவை அன்று. திருவனந்தபுரத்து அட்டையை அமைத்தவர்களே அதன் வலிமையையும் எல்லையையும் அளந்து கூறினர். தாமதமுடைய குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரை அது பிடித்துவிடும். ஒரு பங்கினர் தப்பிவிடலாம். தாமதமில்லாத குழந்தைகளுள்ளும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை வீணே ஐயுறவும் கூடும். ஆகவே ஒரு முறை பார்த்து ‘குறையில்லை’ என்று கைகழுவுதலும் ஆகாது. ஒரு முறை பார்த்து ‘மூளை வளர்ச்சி இல்லை’ என்று தாயின் நெஞ்சில் கல்லெறிவதும் ஆகாது. செக்கிங்கில் குறையுள்ள துணியைத் தனியே எடுத்து வைப்பது அதைத் தள்ளுவதற்கு. குழந்தையைத் தனியே கவனிப்பது அதைக் கைதூக்கி விடுவதற்கு. இந்த வேறுபாடு மருத்துவரின் சொல்லில் ஒலிக்க வேண்டும். “இது இவனால் இன்னும் முடியவில்லை, அம்மா. ஏன் என்று சேர்ந்து பார்ப்போம். அதுவரை இன்னின்ன விளையாட்டை வீட்டிலே விளையாடுங்கள், இன்ன நாளில் மறுபடி வாருங்கள்” என்று சொல்ல ஓர் இளைஞருக்குக் கற்பிக்க முடியும். கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, வேலைக்குப் போனதாலோ இப்படி ஆயிற்று என்று வீட்டார் தாயின்மேல் பழி சுமத்தும்போது, அப்பழியைத் துடைக்கும் சொல்லும் மருத்துவரிடமிருந்தே வர வேண்டும்.

நேயர்களே, இதற்கெல்லாம் காலம் ஏது, வரிசையில் நூறு பேர் காத்திருக்கிறார்களே என்று மருத்துவர்கள் கேட்பர். நியாயமான கேள்விதான். விடை தடுப்பூசி அட்டையிலே இருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை, ஒன்பது முதல் பன்னிரண்டாம் மாதத்திற்குள் ஒரு முறை, பதினெட்டு முதல் இருபத்துநான்காம் மாதத்திற்குள் ஒரு முறை, பள்ளியில் சேரும்போது ஒரு முறை என முறையான வளர்ச்சிச் சோதனை செய்யக் கூறுகிறது. தட்டம்மைத் தடுப்பூசிக்குக் குழந்தை வருவது ஒன்பதாம் மாதத்தில். மறு ஊசிக்கு வருவது பதினாறு முதல் இருபத்துநான்காம் மாதத்திற்குள். அடுத்த ஊசி ஐந்து, ஆறு வயதில். ஊசிக்கு வரும் நாளே சோதனை நாளாகலாம். தாய்க்கு ஒரு நாள் கூலி வீணாவதில்லை. திருப்பூர் வட்டாரத்தில் இது சிறு செய்தியன்று. வேலைக்குப் போகாத நாள் கூலியில்லாத நாள்.

அரசும் வழி வகுத்துள்ளது. 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறப்பிலே வந்த குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்னும் நான்கு வகை நிலைகளைக் கண்டறியப் பணிக்கிறது. இரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளர் கொண்ட குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் செல்ல வேண்டும் என்பது அதன் அமைப்பு. மேலாய்வுக்கு மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையம் என்னும் ஏற்பாடும் அதில் உண்டு. குழந்தையிடம் எட்டிச் செல்ல வாகனம் இருக்கிறது. அதில் ஏறுபவரின் கண் பழகியிருக்கிறதா என்பதே கேள்வி.

தனியார் தொண்டும் குறைவில்லை. 1981ஆம் ஆண்டில் திரு. எஸ். இராமகிருஷ்ணன், தாமே கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்த நிலையில், ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், இன்று சிற்றூர்களில் வீடு தேடிச் சென்று இத்தகைய குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் அளவுக்கு வளர்ந்துள்ளது. சிற்றூர்க் குழந்தைக்கு நகரத்து உதவி எட்டாது என்ற சொல்லை அது பொய்யாக்கியது.

எங்கள் வட்டாரத்திற்கே உரிய ஒரு சிக்கலையும் கூற வேண்டும். பனியன் தொழிலை நாடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் குடும்பங்கள் வந்து வாழ்கின்றன. வீட்டிலே ஒரு மொழி, தெருவிலே தமிழ். அக்குழந்தை பேசத் தாமதித்தால், “இரண்டு மொழி கேட்டுக் குழம்புகிறது” என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். இரு மொழி கேட்பதால் குழந்தை ஊமையாவதில்லை. இரு மொழியிலும் உள்ள சொற்களைச் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். சுட்டுதலும் சிரிப்பும் திரும்பிப் பார்த்தலும் எம்மொழியையும் சார்ந்தவையல்ல. தாயின் மொழி அறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக் கேட்க வேண்டும். ஆண்டுக்கொரு வாடகை வீடு மாறும் குடும்பத்தின் குழந்தையை இரண்டாம் முறை காண்பது அரிது. முதல் முறையே நன்றாகக் காண வேண்டிய கடமை அங்கே இரட்டிப்பாகிறது.

எங்கள் ஊர்த் திருமுருகநாதர் கோயிலுக்கு மனநலம் குன்றியோரை அழைத்துவந்து தீர்த்தமாட்டி வழிபடுதல் நெடுநாள் வழக்கம். பேசாத குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரும் தாயையும் நான் கண்டதுண்டு. அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசேன். வழிபாடும் சிகிச்சையும் ஒன்றையொன்று தடுப்பனவல்ல. நேர்ந்துகொண்ட நாட்களை எண்ணும் அதே நாட்களில் மருத்துவரையும் காணுமாறு அன்போடு சொல்லுவது நம்மைப் போன்றவர் கடமை.

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பகுத்தார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர். வளர்ச்சித் தாமதத்தில் அந்த நான்காமவரே தலையாயவர். சிகிச்சை என்பது பெரும்பாலும் வீட்டிலே, தாயின் மடியிலே, அங்கன்வாடியின் தரையிலே, வகுப்பறையின் முதல் வரிசையிலே நாள்தோறும் நடப்பது. மருத்துவர் அதைத் தொடங்கி வைப்பவர். அவர் ஒரு மாதம் முந்தித் தொடங்கி வைத்தால், அந்தக் குழந்தைக்கு ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கிறது.

2022ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்து வைக்கப்பெற்ற பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருப்பூர்க் கல்லூரியும் ஒன்று. இந்த மண்ணின் பிள்ளைகள் இந்த மண்ணிலேயே மருத்துவம் கற்கும் பேறு வாய்த்திருக்கிறது. அங்கும் பிற கல்லூரிகளிலும் கற்பிக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு முதிய ஆசிரியனின் வேண்டுகோள் இது: உங்கள் மாணவர் பட்டம் பெறுமுன் நலமான குழந்தைகள் ஐம்பதின்மரையேனும் தம் கண்ணால் பார்த்து எழுதியிருக்கட்டும். இளம் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு தாய், “எனக்கென்னமோ சந்தேகமா இருக்குதுங்க” என்று சொன்னால், அதை ஒரு நோய்க்குறியாகவே எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: ஒருவர் உங்கள் ஐயத்தைத் தள்ளிவிட்டால் மற்றொருவரிடம் செல்லுங்கள், மாவட்ட மையத்தைக் கேளுங்கள், வாய் அடங்கிவிடாதீர்கள்.

பள்ளிக்கூடத்துக் கதவு ஆறாம் வயதில் திறக்கிறது. அதற்கு முன்னே திறந்திருக்க வேண்டிய கதவு மருத்துவருடையது. அக்கதவு உரிய காலத்தில் திறக்குமாயின், எங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் ‘மந்தம்’ என்னும் பெயரோடு உட்கார வேண்டிய பிள்ளை எவனும் இரான்.